நாட்பட்ட தேறலும் நாள் தாங்காத பீரும்

சங்கப் பாடல்களுக்குப் பதவுரை எழுதுகிறவர்கள் 'தேறல்' என்ற சொல் வந்ததும் 'கள்ளின் தெளிவு' என்று இரண்டு சொற்களை வைத்துவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பொருள் பிழையில்லை. ஆனால் கல்லூரி மாணவர்களுக்கான கையேடுகள் அந்த இரண்டையும் ஒன்றாகச் சுருக்கிக் 'கள்' என்று முடித்துவிடுகின்றன. நறவு என்றால் கள். மட்டு என்றால் கள். பிழி, தோப்பி, அரியல், மகிழ், தேறல் எல்லாமே கள். ஒரு மொழி ஒரே பொருளுக்கு இத்தனை சொற்களை வேலையில்லாமல் உண்டாக்கி வைத்துக்கொள்ளுமா என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண் கிடைக்காது.

இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் காலத்தைப் பற்றியது என்பது நமது கருத்து. எதிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் போலவே எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதும் அப்பாடல்களில் ஒரு செய்தியாக இருக்கிறது. தேறு என்ற வினையடியைக் கவனிக்க வேண்டும். கலங்கியது தெளிவது தேறுதல். காய்ச்சல் கண்டவர் எழுந்து நடந்தால் 'தேறிவிட்டார்' என்கிறோம். துக்க வீட்டில் சொல்வது தேறுதல். குடத்து நீரின் கலங்கல் அடங்க உரைப்பது தேற்றாங்கொட்டை. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது காத்திருத்தல். வண்டல் கீழே இறங்கும்வரை யாரும் பாத்திரத்தை ஆட்டக்கூடாது.

இதை இப்போது எழுதவேண்டி வந்ததற்கு ஒரு பெல்ஜியம் நாட்டுப் பீர்ப்புட்டி காரணம். தமிழ் இலக்கியம் பேசும் பக்கத்தில் பீருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இங்கே திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். ஐரோப்பாவுக்கு வேலையாகப் போய்த் திரும்பியவர் இரண்டு புட்டிகள் வாங்கி வந்திருந்தார். விமானத்தில் வருகிறவர் தீர்வையின்றி இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. நம் ஊர்ப் பீர்ப்புட்டியைப் போலத் தகர மூடி போட்டவை அல்ல அவை. தக்கை அடைத்து, அதன்மேல் கம்பிக் கூடு முறுக்கி, முக்கால் லிட்டர் கொள்ளும் கனத்த கண்ணாடியில் வந்தவை. விற்ற கடைக்காரர், 'ஐந்து வருடம் வைத்திருந்து குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்' என்றாராம். மாணவருக்கு நம்பிக்கை வரவில்லை. 'ஐயா, பீர் எப்படி ஐந்து வருடம் இருக்கும்? நம் ஊரில் ஆறு மாதத்திற்கு மேல் இருந்தால் கடையிலேயே வாங்கமாட்டார்களே' என்று நம்மிடம் கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று தோன்றலாம். புறநானூறு நடத்தியவரிடம்தான் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் நமக்குச் சிறிது பெருமைதான்.

மாணவர் சொன்னது நம் ஊர்ப் பீருக்குப் பொருந்தும். நாம் பொதுவாகக் காணும் பீர், நொதித்து முடிந்ததும் வடிகட்டப்பட்டு, சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டுப் புட்டிக்குள் போகிறது. அதற்குள் உயிருள்ள ஈஸ்ட் கிடையாது. அது ஆலையை விட்டு வெளியேறும் நாளில்தான் அதன் நல்ல நாள். அதன்பின் ஒவ்வொரு நாளும் இறங்குமுகம். புட்டிக்குள் மிஞ்சியிருக்கும் சிறிதளவு உயிர்வளியும் வெளி வெப்பமும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. கெட்ட பீரின் முதல் அடையாளம் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் என்று மேல்நாட்டார் எழுதுகிறார்கள். ஐப்பசி மழையில் நனைந்த ஏற்றுமதிப் பெட்டிகளை முகர்ந்து பார்த்த திருப்பூர்க்காரர் எவருக்கும் இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

வெப்பம் செய்யும் கேட்டுக்குப் பீர்த் தொழிலில் ஒரு வாய்பாடு புழங்குகிறது. ஏறத்தாழ 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரிக் குளிரில் 300 நாள். இம்மூன்றும் பீருக்குச் செய்யும் கேடு ஒன்றே என்பார்கள். துல்லியமான விதியன்று, கைக்கணக்குத்தான். ஆனாலும் சித்திரை மாதத்தில் நம் ஊர்த் தளவீட்டின் மாடி அறையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒரு கிலி பிடிக்கிறது.

தக்கையடைத்த பெல்ஜியப் புட்டியின் கதை வேறு. அதில் பல வகைகள் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடப்படுகின்றன. அடியில் படியும் மெல்லிய வண்டல் உயிருள்ள ஈஸ்ட். உள்ளே தங்கிவிட்ட உயிர்வளியை அதுவே தின்றுவிடுகிறது. மீந்த சர்க்கரையை மாதக்கணக்கில் மெல்லத் தின்று காற்றழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் கனத்த கண்ணாடியும் கம்பிக் கூடும். ஷிமே மடத்துத் துறவிகளின் கரும்பீர் முக்கால் லிட்டர்ப் புட்டியில் வரும்போது முகப்புச் சீட்டில் அது வடிக்கப்பட்ட ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். ஓர்வல் மடத்தின் விடுதியில் இளம்பீர், முதிர்ந்த பீர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டு வாங்கலாம். வாசனையே வேறுபடுமாம்.

இவற்றுள் நம்மை வியக்கவைத்தது 'கூஸ்' என்ற வகை. பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதன் மேற்குப்புறத்து ஊர்களையும் சேர்ந்தது. கோதுமையும் வாற்கோதுமை முளையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிநீரை, ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்தபடி ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. அறையின் காற்றிலும் விட்டத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமே வந்து விழவேண்டும். கோடையில் வேண்டாத உயிர்கள் விழுந்து கெடுத்துவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே இந்த வேலை. பிறகு மரப்பீப்பாய்களில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு. கடைசியில் ஒரு வயதும் இரண்டு வயதும் மூன்று வயதும் ஆனவற்றைக் கலந்து புட்டியில் அடைக்கிறார்கள். இளையது சர்க்கரை தரும், முதியது சுவை தரும். இருபது ஆண்டு தாங்கும் என்று புட்டியின் மேலேயே நாள் குறிப்பவர்களும் உண்டு. பெல்ஜியப் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அகன்ற தொட்டி என்று படித்தபோது நமக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் அரிசிக் கள்ளுக்கு உருத்திரங்கண்ணனார் செய்முறையே சொல்லிவிடுகிறார். தமிழில் இவ்வளவு விளக்கமான பழைய சமையற்குறிப்பு வேறு உண்டா என்பது ஐயமே. அரிசியைக் குழையத் துழாவிக் களியாக்கி, பிழா என்ற வாயகன்ற கலத்தில் ஆறவிட்டு, அடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வாய் உறுதியான சாடியில் விளையவிட்டு, வெந்நீர் விட்டு விரலால் அலைத்து வடிக்கிறார்கள். கள் என்று கையேடு எழுதும் இது உண்மையில் தானியத்தை நொதித்து வடித்த பானம். அதாவது பீரின் உறவு. காலக்கணக்கையும் பாருங்கள்: இரண்டு நாள். வழிநடந்து வந்த பாணனுக்கு மீன் சூட்டோடு கொடுக்கும் அன்றாடப் பானம் அது. அதை யாரும் நாட்பட வைக்கவில்லை. வைத்திருந்தால் புளித்துப்போயிருக்கும்.

நாட்பட வைத்தவர்கள் மலைமேல் இருந்தார்கள். திருமுருகாற்றுப்படையின் குறவர்கள் தேனால் ஆன கள்ளை நெடிய மூங்கிலில் முற்றவைத்துச் சுற்றத்தோடு உண்டு குரவையாடுகிறார்கள். மலைபடுகடாத்தில் நன்னன் மலைவழியில் கூத்தருக்குக் கிடைப்பதும் மூங்கிலில் விளைந்த தேன்தேறல். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரின் புறப்பாட்டிலும் அதே மூங்கில், அதே குறவர், வேங்கை நின்ற முற்றம். கபிலர் பறம்பைப் பாடும்போது மூங்கில் மறைந்து மண் வருகிறது. நிலத்தில் புதைத்துப் பழுக்கவைத்த தேறல் அது. இத்தனை புலவர்களும் தற்செயலாக ஒரே நிலத்தை இதற்குத் தேர்ந்திருக்க முடியாது. அவர்கள் கண்டதைத்தான் பாடினார்கள்.

ஏன் மலையில் மட்டும்? பனங்கள்ளும் தென்னங்கள்ளும் மரத்திலிருந்து இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, மறுநாள் காடி. அவற்றை நாட்பட வைப்பது என்பது புளிங்காடி செய்வதுதான். தேன் அப்படியன்று. நீர் சேர்க்காதவரை நொதிக்கவே நொதிக்காது. சேர்த்தபின் சர்க்கரை மிகுதியால் மெல்ல, வெகுநாள், வலுவாக நொதிக்கும். மூங்கிலின் கணு இயற்கையே செய்துகொடுத்த அடிப்பகுதி. மேல்வாயை அடைத்தால் காற்றுப் புகாது, வெளிச்சம் புகாது. இரண்டு முழம் ஆழத்தில் புதைத்துவிட்டால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதுவரை போய்ச் சேருமுன் மழுங்கிவிடுகின்றன. பிரஸ்ஸல்ஸ்காரர் நிலவறை கட்டிச் செய்வதைப் பறம்பின் குடிகள் ஒரு குழி தோண்டிச் செய்தார்கள். இருட்டு, மாறாத தண்மை, அசையாமை, காற்றடைப்பு. வேண்டியவை இந்த நான்குதான்.

நாட்பட்டதன் கடுமையைச் சொல்லப் புலவர்கள் பாம்பையும் தேளையும் துணைக்கழைக்கிறார்கள். சினந்த பாம்பின் சீற்றம்போல ஏறும் தேறல் சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினி தந்த நாட்பட்ட தேறலை ஔவையார் தேள்கடிக்கு ஒப்பிடுகிறார். இவற்றை நாம் 'உவமை நயம்' என்று ஐந்து மதிப்பெண் வினாவாக்கி விட்டோம். அவை நயத்துக்காக வந்தவை என்பதைவிட, முதிர்ந்ததற்கும் முதிராததற்கும் நாக்கில் தெரியும் வேறுபாட்டைச் சொல்ல வந்த துல்லியங்கள் என்று படித்தால் பாடல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

யவனர் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமும் தண்மையும் உடைய தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித்தர உண்டு மகிழ்க என்கிறார். அந்தக் கலங்களின் உடைசல்களை 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்தார். இருபுறமும் கைப்பிடி, கீழே கூர்ந்த அடி. உரோமானியர் ஆம்போரா என்பார்கள். உட்புறம் பிசின் பூசப்பட்டவை. வாயைத் தக்கையாலோ மண்ணாலோ அடைத்துச் சாந்து பூசுவார்கள். ஏஜியன் கடலின் கோஸ் தீவுக்குரிய வகையும் அங்கே கிடைத்திருக்கிறது. கெடாதிருக்கக் கடல்நீர் கலக்கப்பட்ட மது அது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து இந்தியா வந்து சேர்ந்தது இளம் மதுவாக இருந்திருக்க முடியாது. நக்கீரர் அதைத் தேறல் என்றது எவ்வளவு பொருத்தம்!

அந்தப் பாதையில்தான் நம் ஊர் இருக்கிறது என்பதை உள்ளூர் மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் ஏறி, நொய்யலின் கரையோடு கரூர் நோக்கிப் போனது. உரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர் நொய்யற்கரை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேர்சொல்லும் கொடுமணல் நொய்யற்கரை. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது மணிக்கற்கள், இரும்பு உலைகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவற்றோடு நூல்நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. நூலும் வெளிநாட்டு வணிகமும் நொய்யலுக்குப் புதியன அல்ல. கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது. சாயக்கழிவு தேங்கிய நீர்த்தேக்கம் என்று நாடு முழுவதும் பெயர்வாங்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது நாளிதழ்களில் அடிபட்ட பெயர். மண்ணில் எதைப் புதைத்தால் எது விளையும் என்பதற்கு ஒரே ஆற்றங்கரையில் இரண்டு சான்றுகள்.

நிற்க. மாணவரின் புட்டிகளுக்கு வருவோம். அவர் முதலில் அவற்றை வைத்திருந்த இடம் மாடி அறையின் பீரோ உச்சி. மேலே காங்கிரீட் தளம், பக்கத்தில் சன்னல். இதைவிடக் கேடான இடம் வீட்டில் இல்லை. வெப்பம் ஒருபுறம், வெளிச்சம் மறுபுறம். ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு மாறும்போது, வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தை ஒத்த நாற்றம் உண்டாகிறது. பீர்ப்புட்டிகள் பழுப்பு நிறமாக இருப்பது இதைத் தடுக்கத்தான். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகக் காப்பதில்லை.

படுக்கவைப்பதா நிறுத்திவைப்பதா என்றும் கேட்டார். திராட்சை மதுப்புட்டிகளைத் தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைப்பது வழக்கம். பீருக்கு அது அத்தனை தேவையில்லை. புட்டிக்குள் மேலே நிற்கும் வெற்றிடமே ஈரமாகத்தான் இருக்கிறது. நிறுத்திவைத்தால் வண்டல் அடியில் ஒரே இடத்தில் தங்கும், ஊற்றும்போது கலங்காது. கூஸ் வடிப்பவர்கள் மட்டும் மரபுப்படி படுக்கவைக்கிறார்கள். அவர்களிடம் வாதாட நமக்குத் தகுதியில்லை. குளிர்பதனப் பெட்டி மாதக்கணக்கில் வைப்பதற்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் என்றால் குளிர் மிகுதியால் முதிர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், பெட்டியின் வறண்ட காற்றில் தக்கை வெளிப்புறம் காயும். பன்னிரண்டு முதல் பதினைந்து டிகிரி உள்ள இருட்டறைதான் வேண்டியது. அது நம் ஊரில் எவருக்கும் இல்லை.

இருப்பதற்குள் நல்லது எது என்று யோசித்ததில் காங்கேயம் பக்கத்தில் அவர் பாட்டி வீடு நினைவுக்கு வந்தது. மண்சுவர், நாட்டு ஓடு, தானியம் கொட்டிவைத்த சன்னலில்லாத உள்ளறை. ஒரு புட்டியை அங்கே மணல் நிரப்பிய பானைக்குள் கழுத்தளவு புதைத்து நிறுத்தினார். மற்றதைப் பிடிவாதமாகப் பீரோ உச்சியிலேயே விட்டார், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று. பாட்டியிடம் அது என்னவென்று சொன்னாரா என்பதை நாம் கேட்கவில்லை.

இரண்டு கோடை கடந்தபின் இரண்டையும் திறந்தார். ஒரு மடக்கு நமக்கும் கிடைத்தது. பேராசிரியர் குடிக்கலாமா என்று கேட்போருக்கு, ஆய்வு நோக்கில் என்று பதிவு செய்துகொள்கிறோம். பீரோப் புட்டியில் முன்சொன்ன அட்டைப்பெட்டி வாசமும் காய்ந்த புளியின் சுவையும் இருந்தன. மணற்பானைப் புட்டி பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. உலர்ந்த திராட்சை, பழைய வெல்லம், எங்கோ அடியில் கொஞ்சம் தோல்வாசம். ஐந்து ஆண்டுத் தண்மையில் அது என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஆனால் ஒன்று தெரிந்தது: அதை ஒரே மூச்சில் குடிக்க முடியாது. நாக்கே அனுமதிக்காது.

இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்திருப்போம். வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி அதைத் தடுத்துவிட்டது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு. கள் சிறிதே கிடைத்தால் எமக்குத் தந்துவிடுவான் என்று நினைத்து அழுகிற பாட்டு. நடத்தி முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்தார். 'ஐயா, ஔவையார் குடித்ததும் எங்கள் வீட்டில் குடிப்பதும் ஒன்றுதானா?' வகுப்பில் சிரிப்பு எழவில்லை. எங்கள் மாணவிகளில் பாதிப்பேருக்கு அந்தக் கேள்வி இருக்கிறது என்பது அந்த அமைதியில் தெரிந்தது.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவும் மறுநாளும் மதுக்கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தை வெளியூர்க்காரர்களும் அறிவார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே எடுத்துக்கொண்ட பிறகு மது வாங்குவது எளிதாயிற்று. உட்கார்ந்து குடிக்க ஒரு கண்ணியமான இடம் மட்டும் கிடைக்கவில்லை. நின்றபடி, பார்ப்பவர் பார்க்குமுன், நீர்கூடச் சரியாகக் கலக்காமல் விழுங்கிவிட்டுப் போகவேண்டிய பொருளாக அது ஆயிற்று. பீர் வாங்குகிறவர் கேட்பது ஒன்றே: கூலிங்கா? சுவையை மரக்கச்செய்யும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் போதும். இரண்டு ஷிப்டு நின்ற கால்களுக்குச் சுவை எதற்கு என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை. கப்பல் ஏறும் நாளுக்குள் சரக்கு முடியவேண்டும் என்று ஆறு நாளும் துரத்தப்பட்ட மனிதர் ஏழாம் நாளில் மட்டும் எதற்காக நிதானமாக இருப்பார்?

2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்த பெண்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. அதுவும் நொய்யல் பக்கத்து ஊர்தான். அந்தப் பெண்களின் மகள்கள் வயதுதான் நம் மாணவிகளுக்கு. அவர்களிடம் போய்ச் சங்ககாலத் தேறலின் முதிர்ச்சியைப் பற்றிப் பேசுவது நாகரிகமா என்ற தயக்கம் நியாயமானது. சில ஆசிரியர்கள் இத்தகைய பாடல்களை வேகமாகத் தாண்டிச் செல்கிறார்கள். சிலர் உடனே திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, தவறு செய்த பாட்டனைத் திருத்திய பேரனைப்போல வள்ளுவரைக் காட்டிவிடுகிறார்கள். இரண்டும் நமக்கு உடன்பாடில்லை. வள்ளுவர் கண்டிப்பது உண்மை, அது பொருட்டானது. ஆனால் ஒரு பாட்டின் வாயை இன்னொரு பாட்டால் பொத்துவது இலக்கியம் கற்பிப்பதாகாது.

அந்த மாணவிக்கு நாம் சொன்னது இதுதான்: ஒன்றல்ல. கபிலர் பாடும் பறம்பில், புதைத்துப் பழுத்த தேறல் புல்வேய்ந்த குடிசைதோறும் பகிரப்படுகிறது. தோண்டியெடுக்கும் நாள் ஊருக்கே தெரிந்த நாள். எத்தனை கலம் புதைத்தோமோ அத்தனைதான் உண்டு. அடுத்ததற்கு மறுபடியும் மாதங்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு கட்டுப்பாடு. இன்று கட்டுப்பாடு சட்டத்திலும் கடையின் திறப்பு நேரத்திலும் மட்டும் இருக்கிறது, பொருளில் இல்லை. எப்போது கேட்டாலும் கிடைக்கும், எப்போது குடித்தாலும் ஒரே சுவை. மேல்நாட்டில் முதிர்ந்த புட்டிகளைச் சேர்க்கிறவர்கள்மேலும் நமக்குப் பெரிய மயக்கம் இல்லை. ஆண்டு குறித்த புட்டிகளைப் பூட்டிவைத்து விலையேற்றி விற்பது பறம்பின் குடிசைகளுக்கு நேரெதிரான காரியம். முதிர்ந்தது யாருக்கு ஊற்றப்படுகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு முதிர்ச்சியை மட்டும் கொண்டாட முடியாது.

இடையில் நண்பர் ஒருவர், அப்படியானால் 1987 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கும் கள்ளை மீட்பதுதானே வழி என்றார். கொங்குநாட்டில் அந்தக் குரல் வலுவானது. தென்னை வைத்த உழவர்களின் நியாயமும் அதில் இருக்கிறது. 2017இல் நொதிக்காத நீராவுக்கு மட்டும் வழிவிட்டது அரசு. அதை விரிவாகப் பேச இது இடமன்று. ஒன்று சொல்லலாம்: மரத்துக்கள் நாள் தாங்காதது, நாள் தாங்காது என்பதை மறைக்காதது. ஆலைப் பீரோ நாள் தாங்காததாக இருந்துகொண்டே லாரி ஏறி, கிடங்கில் வெந்து, கடைசியில் குளிரவைக்கப்பட்டுப் புதியதுபோல வருகிறது.

மாணவி நம் விடையில் முழுதும் நிறைவடையவில்லை. பகிர்ந்து குடித்தாலும் குடிதானே என்றார். நாம் மறுக்கவில்லை. இந்தப் பருவத்தில் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். புறநானூற்றிலும் பத்துப்பாட்டிலும் குடி வரும் இடங்களை எல்லாம் தொகுத்து அட்டவணை போடவேண்டும். எதிலிருந்து செய்தது, எந்தக் கலத்தில், எத்தனை நாள், யார் ஊற்றினார், யாரோடு குடித்தார் என்று ஐந்து பத்திகள். மற்ற மாணவர்கள் ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மாணவி மட்டும் நம்மைக் கேட்காமலே ஆறாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார்: வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களை எழுதியாயிற்று. அந்தப் பத்தியில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. வெற்றிடங்களை அழிக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.